காலிப் பெட்டியும் ஒரு சரக்கே

(சுழற்சிப் பொருளாதாரம்: சில்லறை, மொத்த வணிகர்களுக்கு ஒரு பாடம்)



கடைக்கு வரும் சரக்கை எடை போட்டு வாங்குகிறோம். எண்ணிப் பார்த்து இறக்குகிறோம். ஒரு மூட்டையில் ஒரு கிலோ குறைந்தாலும் மொத்தக் கடைக்காரரை விடுவதில்லை. ஆனால் அந்தச் சரக்கைச் சுற்றி வரும் அட்டைப்பெட்டி, சாக்கு, டின், கேன், பிளாஸ்டிக் உறை ஆகியவற்றை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? இரவு கடை கட்டும்போது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஓரத்தில் தள்ளிவிட்டு ஷட்டரை இறக்கிவிடுகிறோம். காலையில் வந்து பார்த்தால் பாதியை யாரோ எடுத்துச் சென்றிருப்பார்கள். மீதி தெருவிலும் கால்வாயிலும் கிடக்கும்.

அந்த ‘யாரோ’ யார், அவருக்கு அதில் என்ன கிடைக்கிறது, மீதி எங்கே போய்ச் சேருகிறது என்பதே இந்தப் பாடத்தின் பொருள். பூந்தமல்லியைத் தாண்டிச் செம்பரம்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வரை கடை வைத்திருக்கும் நம் உறுப்பினர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல, தினசரி நடப்பு.

சுழற்சிப் பொருளாதாரம் என்றால் என்ன?

ஒரு பொருளைப் பூமியிலிருந்து எடுத்து, தயாரித்து, விற்று, பயன்படுத்தி, எறிந்துவிடுவது ஒரு முறை. இதை நேர்கோட்டு முறை என்பார்கள். எறியப்போகும் பொருளையே அடுத்த தொழிலுக்குக் கச்சாப் பொருளாகத் திருப்பிவிடுவது மற்றொரு முறை. இதுவே சுழற்சிப் பொருளாதாரம்.

பெயர் புதிது, செயல் நமக்குப் பழையது. செக்கில் எள்ளை ஆட்டினால் எண்ணெய் கடைக்கு வருகிறது. புண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது. மாட்டின் சாணம் வயலுக்குப் போகிறது. வயலில் மறுபடி எள் விளைகிறது. இந்தச் சங்கிலியில் எதுவும் குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை என்பதைக் கவனியுங்கள். புண்ணாக்கை விற்காத செக்குக்காரர் யாராவது உண்டா?

பெரிய தொழிலிலும் இது நடக்கிறது. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 1980களிலிருந்து கரும்புச் சக்கையில் காகிதம் செய்து வருகிறது. சர்க்கரை ஆலைகள் அந்தச் சக்கையைத் தங்கள் கொதிகலனில் எரித்துக்கொண்டிருந்தன. காகித ஆலை அதற்கு ஈடாக நீராவியும் எரிபொருளும் கொடுத்துச் சக்கையைப் பெற்றுக்கொண்டது. இரு தரப்புக்கும் லாபம். காட்டில் மரம் வெட்டுவதும் குறைந்தது.

நம் பகுதியிலேயே ஒரு சான்று இருக்கிறது. சென்னை நகரத்தின் கழிவுநீரைக் கோயம்பேட்டில் பல கட்டங்களாகச் சுத்திகரித்து, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் வரை தொழிற்சாலைகளுக்கு அளிக்கும் நிலையம் 2019ஆம் ஆண்டு செயல்படத் தொடங்கியது. இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்காகவே அது அமைக்கப்பட்டது. நகரத்துக் கழிவுநீர் இயந்திரத்துக்குப் போனால் ஏரித் தண்ணீர் மனிதர் குடிப்பதற்கு மிஞ்சும். கழிவுநீரே சரக்காகும்போது நம் கடையின் அட்டைப்பெட்டி ஆகாதா?

நம் பகுதியின் நிலைமை

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னையின் குடிநீருக்கு முக்கிய ஆதாரங்களில் ஒன்று. 2015 டிசம்பர் முதல் வாரத்தில் இதிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை உபரிநீர் திறக்கப்பட்டதும், அடையாற்றங்கரையில் எத்தனையோ கடைகளில் சரக்கு மூழ்கியதும் நம் நினைவில் உள்ளவை. நான்கே ஆண்டுகளில், 2019 கோடையில், அதே ஏரி வறண்டு கிடந்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் காரணங்கள் பல. கடைத்தெருக் குப்பை மட்டுமே காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் மழைநீர்க் கால்வாயில் பிளாஸ்டிக் உறை அடைத்துக்கொண்டால் முதலில் தண்ணீர் ஏறுவது கடைத்தெருவில்தான் என்பதை ஒவ்வொரு ஐப்பசி, கார்த்திகையிலும் பார்க்கிறோம்.

அடுத்து வாடிக்கையாளர்களைப் பாருங்கள். ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர்கள் இவை. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபெய்ன் கண்ணாடித் தொழிற்சாலை வந்தது. அதன்பின் ஒரகடம் வரை ஆலைகள் வரிசையாக எழுந்தன. வெளியூர்த் தொழிலாளர்களும் வெளிமாநிலத் தொழிலாளர்களும் ஒரே அறையில் ஐந்தாறு பேராகத் தங்கி வேலை பார்க்கிறார்கள். மாத மளிகை வாங்கி அடுக்க அவர்களுக்கு இடமும் இல்லை, கையில் மொத்தமாகப் பணமும் இல்லை. அன்றன்றைக்கு வேண்டியதைச் சிறு பாக்கெட்டாக வாங்குகிறார்கள். பாக்கெட் சிறிதாகச் சிறிதாக, விற்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் உறை அதிகமாகிறது. ஒரு லிட்டர் ஷாம்பு ஒரே பாட்டிலில் அடங்கும்; அதையே 5 மில்லி பாக்கெட்டாக விற்றால் 200 உறை. ஆகவே மற்ற ஊர்க் கடைகளைவிட நம் கடைகளில் விற்பனைக்கு ஈடாக வெளியேறும் காலி உறை கூடுதலாகவே இருக்கும்.

காலிப் பாக்கெட் திரும்பி வந்த கதை

ஷாம்புப் பாக்கெட் என்றதும் ஒரு செய்தி சொல்ல வேண்டும். சிறு உறையில் ஷாம்பு அடைத்து ஏழைக்கும் எட்டும்படி விற்ற முன்னோடி கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியாகத் தொழில் தொடங்கிச் ‘சிக்’ ஷாம்புவைக் கொண்டு வந்தார். அப்போது அவர் ஒரு திட்டம் அறிவித்தார். எந்தக் கம்பெனியின் காலிப் பாக்கெட்டானாலும் ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம். பிறகு, ஐந்து காலிப் பாக்கெட்டும் சிக் பாக்கெட்டாகவே இருக்க வேண்டும் என்று மாற்றினார். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சம் ரூபாயாக உயர்ந்தது என்று அவரே பேட்டியில் கூறியிருக்கிறார்.

இது விளம்பரத்துக்காகச் செய்தது; குப்பையைக் குறைக்கச் செய்ததல்ல. ஆயினும் இதில் நமக்கு ஒரு பாடம் உண்டு. விரல் நீள உறையைக்கூட மக்கள் பத்திரப்படுத்திக் கடைக்குக் கொண்டு வந்தார்கள். காரணம், அதற்கு ஒரு விலை இருந்தது. விலை போனதும் அதே உறை கால்வாய்க்குப் போய்விட்டது.

சோடா பாட்டிலிலும் குளிர்பானக் கிரேட்டிலும் இந்த முறை நமக்குப் பழக்கமானதே. காலிப் பாட்டில் கொடுத்தால் டெபாசிட் திரும்பும், இல்லையேல் திரும்பாது. அதனால்தான் அந்தக் காலத்தில் தெருவில் குளிர்பானப் பாட்டில் கிடந்ததே இல்லை. டெபாசிட் இல்லாத பிளாஸ்டிக் பாட்டில் வந்த பிறகே அது தெருவுக்கு வந்தது.

நீலகிரியில் காட்டு வழியில் எறியப்படும் மதுப் பாட்டில்கள் உடைந்து யானை முதலிய விலங்குகளின் காலைக் கிழித்தன. சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் 2022 மே மாதம் அங்குள்ள டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் திருப்பித் தந்தால் அதைத் திருப்பிக் கொடுக்கும் முறை தொடங்கியது. பெரும்பகுதி பாட்டில்கள் திரும்பின. பின்னர் வேறு மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. ஜெர்மனியில் 2003 முதல் ஒருமுறை பயன்படும் பானப் பாட்டில்களுக்கும் டப்பாக்களுக்கும் 25 சென்ட் டெபாசிட் கட்டாயம். அங்கும் காலிப் பாட்டிலைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இடம் கடைதான்.

இதில் ஏழைக்கு ஒரு நன்மையும் உண்டு. வசதி உள்ளவர் 10 ரூபாயைப் பெரிதாக நினைக்காமல் பாட்டிலை எறிந்துவிட்டால், அதைப் பொறுக்கி எடுப்பவருக்கு அந்த 10 ரூபாய் கிடைக்கிறது.

அந்த ‘யாரோ’ யார்?

கடை வாசலில் விடியற்காலையில் அட்டை எடுப்பவரிடமிருந்து சங்கிலி தொடங்குகிறது. அவர் பழைய பேப்பர் கடையிலோ காயலான் கடையிலோ போடுகிறார். அங்கே ரகம் பிரித்து, கட்டி, மொத்த வியாபாரிக்குப் போகிறது. அங்கிருந்து லாரியில் காகித ஆலைக்கோ பிளாஸ்டிக் உருக்கும் பட்டறைக்கோ போகிறது. நம் மளிகை வணிகத்தில் உற்பத்தியாளர், மொத்தம், சில்லறை என்று இருப்பதுபோல, அங்கே பொறுக்குபவர், சில்லறை, மொத்தம், ஆலை என்று தலைகீழாக ஓடும் ஒரு வணிகம் இது.

அந்த வணிகத்தின் அடிப்படியில் இருப்பவருக்கே பங்கு மிகக் குறைவு. அவர் பெண்ணாகவோ முதியவராகவோ நிலமற்ற குடும்பத்தவராகவோ இருப்பது வழக்கம். இருட்டில் வருகிறார், நாய் துரத்துகிறது, ‘திருட வந்தாயா’ என்று கேட்பவரும் உண்டு. சாம்பார் ஊற்றி நனைந்த அட்டையையும், உடைந்த கண்ணாடிக்கு நடுவே இருக்கும் பாட்டிலையும் வெறுங்கையால் பிரிக்கிறார். நனைந்த சரக்குக்குக் கடையில் எடை கழிக்கிறார்கள். நம் கடையில் நாம் கலந்து போட்டதற்கான அபராதத்தை அவர் கட்டுகிறார் என்பதுதான் உண்மை.

இவர்களை மதிப்போடு சேர்த்துக்கொண்டு நடந்த முயற்சிகள் உண்டு. 1989இல் சென்னையில் எம்.பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா இயக்கம், குப்பை பொறுக்கியவர்களுக்கே மூன்று சக்கர வண்டி கொடுத்து, ‘தெருவை அழகுபடுத்துவோர்’ என்று பெயரும் கொடுத்தது. தெருக்காரர்கள் மாதச் சந்தா போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். புனே நகரில் 1993இல் காகிதம், கண்ணாடி, தகரம் பொறுக்குவோர் தங்களுக்கென்று ஒரு சங்கம் கண்டனர். அதிலிருந்து 2008இல் ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவு அமைப்பு உருவாகி, மாநகராட்சியுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. வீடு வீடாகப் பெறும் கட்டணமும், விற்கக்கூடிய பொருளும் அவர்களுக்கே உரியவை. மத்திய அரசின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளும், குப்பை பொறுக்குவோரை உள்ளாட்சிகள் அங்கீகரித்துத் திட்டத்தில் இணைக்க வேண்டும் என்று கூறின.

ஒரு மாதிரிக் கணக்கு

வணிகர்களாகிய நமக்குக் கணக்கில் சொன்னால்தான் மனத்தில் பதியும். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் கடைக்கும் ஊர் விலைக்கும் ஏற்ப மாற்றிக்கொள்ளவும்.

நடுத்தர மளிகைக் கடை ஒன்றில் நாளொன்றுக்கு 10 கிலோ அட்டைப்பெட்டி சேருகிறது என்று கொள்வோம். மாதம் 26 நாள் கணக்கில் 260 கிலோ. உலர்ந்த அட்டைக்குப் பழைய பேப்பர் கடையில் கிலோ 10 ரூபாய் என்றால் 2,600 ரூபாய். ஆண்டுக்கு 31,200 ரூபாய். அதே அட்டை நனைந்து, காய்கறிக் கழிவுடன் கலந்துவிட்டால் பாதி விலைகூடக் கிடைக்காது. பல நேரம் எடுக்கவே ஆள் இராது.

இனி அடுத்த பக்கத்தைப் பாருங்கள். ஒரே தெருவில் 20 கடைகள் தலைக்கு 10 கிலோ உலர்ந்த அட்டையைக் குறித்த நேரத்தில் ஒரே ஆளிடம் கொடுக்கின்றன. மொத்தம் 200 கிலோ. கடைக்காரருக்குக் கிலோவுக்கு 8 ரூபாய் கொடுத்து, அவர் 10 ரூபாய்க்குப் போட்டால் கிலோவுக்கு 2 ரூபாய் நிற்கும். நாளொன்றுக்கு 400 ரூபாய். தொட்டியைக் கிளற வேண்டியதில்லை. இருட்டில் வர வேண்டியதில்லை. மீன்பாடி வண்டி ஒன்று இருந்தால் இரண்டு நடையில் முடியும். பிளாஸ்டிக் கேன், டின், சாக்கு ஆகியவை சேர்ந்தால் வருமானம் இன்னும் கூடும்.

கடைக்காரருக்கும் வருமானம், ஒரு குடும்பத்துக்கும் நிலையான பிழைப்பு. இதற்கு நாம் போட வேண்டிய முதல் ஒரு சணல் கயிறும், நாளைக்குப் பத்து நிமிடமும்தான். நலிந்த மக்களையும் சேர்த்துக்கொண்ட வளர்ச்சி என்று பெரிய மேடைகளில் பேசப்படுவதைக் கடைத்தெரு அளவில் செய்வது இப்படித்தான்.

எந்தப் பொருளை என்ன செய்வது?

அட்டைப்பெட்டி: பிரித்துத் தட்டையாக மடக்கிக் கட்டவும். தண்ணீர் படாமல் வைக்கவும். காகித நார் ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு முறை வரை திரும்பத் திரும்பக் காகிதமாகும். எண்ணெய்க் கறை பட்டால் அந்த வாய்ப்புப் போய்விடும்.

சாக்கு: சணல் சாக்கைக் கத்தியால் கிழிக்காமல் தையலைப் பிரித்து அவிழ்க்கவும். கிழியாத சாக்குக்கும் கிழிந்த சாக்குக்கும் விலையில் உள்ள வேறுபாடு எல்லோரும் அறிந்ததே. கிழிந்ததையும் தைத்துக் கொடுக்கப் பெண்கள் இருக்கிறார்கள். அது அவர்களுக்கு ஒரு வேலை.

கெட்டிப் பிளாஸ்டிக்: எண்ணெய்க் கேன், வாளி, தண்ணீர்ப் பாட்டில் ஆகியவற்றைத் தனித்தனியாக வைக்கவும். எல்லாப் பிளாஸ்டிக்கும் ஒன்றல்ல. வெவ்வேறு ரகம் கலந்து உருகினால் பொருள் நிற்காது. அதனால்தான் கலந்த மூட்டைக்கு விலை குறைவு.

மெல்லிய உறை: பிஸ்கட், சிப்ஸ் உறைகள் பல அடுக்காக ஒட்டியவை. இவற்றை வாங்க ஆள் இல்லை. உள்ளாட்சியின் உலர் கழிவுச் சேகரிப்பில்தான் சேர்க்க வேண்டும். அடுக்கு இல்லாத சாதாரணப் பிளாஸ்டிக் உறைக்கு ஒரு வழி உண்டு. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன், உறையைத் துண்டாக்கிச் சூடான ஜல்லியின்மேல் பூசித் தாருடன் கலந்து சாலை போடும் முறையைக் கண்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இதற்கும் உறை சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும்.

கண்ணாடி: உடைந்த கண்ணாடி மணலைவிடக் குறைந்த சூட்டில் உருகும், ஆகவே ஆலைகளுக்கு அது வேண்டிய பொருளே. ஆனால் பாட்டில் கண்ணாடியும் சன்னல் கண்ணாடியும் கலவையில் வேறு. பக்கத்திலேயே கண்ணாடி ஆலை இருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. உடைந்ததைக் காகிதத்தில் சுற்றி, ‘கண்ணாடி’ என்று எழுதிக் கொடுக்கவும். எடுப்பவர் கை கிழியாது.

அழுகும் பொருள்: காய்கறிக் கழிவைத் தனி வாளியில் போட்டு, மாடு வளர்ப்பவருக்கோ எருக்குழிக்கோ கொடுக்கவும். சணல், ரப்பர் பேண்டு, உறை அதில் போகக் கூடாது. மாட்டின் வயிற்றில் போய்த் தங்கும்.

பல்பு, பேட்டரி, சார்ஜர்: இவற்றைக் காயலான் கடையில் உடைத்து எரித்தால் எடுப்பவருக்கே நஞ்சு. அங்கீகாரம் பெற்ற மின்கழிவு நிறுவனத்திடமோ உள்ளாட்சியின் சேகரிப்பிலோ சேர்க்கவும்.

எல்லா மறுபயன்பாடும் நல்லதல்ல

சிக்கனம் என்ற பெயரில் செய்யும் சில காரியங்கள் உயிருக்கு ஆபத்து. உறுப்பினர்கள் இதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

ஒன்று: வடை, பஜ்ஜி, போண்டாவைச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுப்பது. அச்சு மை எண்ணெயில் கரைந்து உணவில் ஏறும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டுப் பொதிவு விதிகள் இதைத் தடை செய்துள்ளன.

இரண்டு: ஒருமுறை பயன்பட்ட தகர டின்னில் மீண்டும் சமையல் எண்ணெய் அடைப்பது. அதே விதிகள் இதையும் அனுமதிப்பதில்லை. காலி டின்னை வேறு வேலைக்கு விற்கலாம், எண்ணெய்க்குக் கூடாது.

மூன்று: தொழிற்சாலையிலிருந்து வெளியே வரும் நீல நிறப் பீப்பாய்கள். தொழிற்பேட்டைகளை அடுத்த ஊர்களில் இவை மலிவாகக் கிடைக்கும். முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று விற்பவருக்கே தெரியாது. அரிசி, பருப்பு வைக்கவோ, குடிநீர் பிடிக்கவோ இவற்றை வாங்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். மலிவுக்காக இவற்றை முதலில் வாங்குபவர்கள் ஏழைக் குடும்பத்தார்தான்.

நான்கு: குப்பையைக் கடை ஓரத்தில் எரிப்பது. 2016 டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்த வெளியில் குப்பை எரிப்பதற்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் அபராதம் என்று உத்தரவிட்டது. அபராதம் ஒருபுறம் இருக்க, அந்தப் புகையை நாள் முழுவதும் சுவாசிப்பவர்கள் கடையில் உள்ள நாமும் நம் பையன்களும்தான்.

பை யார் தைப்பது?

2018 ஜூன் 5 அன்று அறிவிக்கப்பட்டு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருட்கள் தடைசெய்யப்பட்டன. எந்தத் தடிமனானாலும் பிளாஸ்டிக் கைப்பை கூடாது என்பது நம் மாநில விதி. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் தொடங்கப்பட்டது. சோதனை, அபராதம், பறிமுதல் என்ற வகையில் நம்மில் பலருக்கு இதில் மனக்குறை உண்டு. தயாரிக்கும் இடத்தை விட்டுவிட்டு விற்கும் இடத்தைப் பிடிக்கிறார்களே என்ற கேள்வி நியாயமானதே; அதைச் சங்கம் உரிய இடத்தில் கேட்க வேண்டும்.

அதே நேரம் துணிப்பையை எங்கே வாங்குகிறோம் என்பதையும் பார்க்க வேண்டும். 1989இல் தர்மபுரி மாவட்டத்தில் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியுடன் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கின. இன்று குழு இல்லாத ஊர் இல்லை. தையல் தெரிந்த பெண்களும், தையல் இயந்திரமும் நம் ஊரிலேயே இருக்க, வெளியூரிலிருந்து பை வரவழைக்க வேண்டியதில்லை. பத்துக் கடைகள் சேர்ந்து மாதம் இவ்வளவு என்று உறுதியான ஆர்டர் கொடுத்தால் குழு துணியை மொத்தமாக வாங்கும். பையின் விலை குறையும். பைக்கு விலை வைத்து, நல்ல நிலையில் திருப்பிக் கொண்டு வந்தால் அந்த விலையைத் திருப்பிக் கொடுக்கும் முறையையும் முயன்று பார்க்கலாம். சிக் பாக்கெட்டும் சோடா பாட்டிலும் திரும்பி வந்தது போல் பையும் திரும்பி வரும்.

ஐயங்களும் விளக்கங்களும்

கடையில் நிற்கவே இடமில்லை. இதையெல்லாம் எங்கே வைப்பது?
பெட்டியை மடக்கினால் இடம் மிகக் குறைவு. சுவரில் இரண்டு ஆணி அடித்து இரண்டு சாக்குகளைத் தொங்கவிட்டால் ஒன்று பிளாஸ்டிக்குக்கு, ஒன்று மற்றவைக்கு. இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது; கரப்பானும் எலியும் வரும். உணவுப் பொருளுக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது.

அட்டை விற்ற காசு எங்கள் கடைப் பையன்களின் டீச் செலவுக்குப் போகிறது. அதை நிறுத்தலாமா?
நிறுத்த வேண்டாம். உலர்ந்ததாகப் பிரித்து விற்றால் அவர்களுக்கும் கூடுதலாகக் கிடைக்கும். அவர்களே முன்னின்று செய்வார்கள்.

திடீரென்று விலை விழுந்தால்?
விழும். ஆலைகள் வெளிநாட்டுப் பழைய காகிதத்தையும் இறக்குமதி செய்வதால் உலக விலை நம்மூர் பேப்பர் கடை வரை எதிரொலிக்கும். அந்தச் சமயத்தில் எடுப்பவரிடம் கொடுக்கும் விலையைக் குறைத்துக்கொண்டு, அவருக்கு நிற்கும் 2 ரூபாயைக் குறைக்காமல் விடுவது முறை. நம் முதல் வருமானம் மளிகையில். அவருக்கு இது ஒன்றே வருமானம்.

சிறுவர்கள் வந்து கேட்டால் கொடுக்கலாமா?
கூடாது. 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி 14 வயதுக்கு உட்பட்டவரை எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. பெற்றோரை வரச் சொல்லவும். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவும்.

இந்த வருமானத்தைக் கணக்கில் காட்ட வேண்டுமா?
பழைய பொருள் விற்ற பணமும் வணிக வருமானமே. ஏட்டில் எழுதிவிடவும். ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் தங்கள் ஆடிட்டரைக் கேட்டுச் செய்யவும்.

சங்கம் செய்ய வேண்டியவை

தனிக் கடைக்காரரால் ஓரளவுதான் முடியும். தெருவே சேர்ந்தால் அட்டைக்கும் பேரம் பேசலாம். ஆகவே ஒவ்வொரு கிளையும் அடுத்த மாதக் கூட்டத்தில் பின்வருவனவற்றை எடுத்துக்கொள்ளலாம்.

1. தெருவுக்கு 20 கடைகள் என்று பட்டியல் எடுத்து, ஏற்கெனவே அங்கே பொறுக்கி வருபவரையே முதலில் அழைத்துப் பேசுவது. அவரை விலக்கிவிட்டுப் புதிதாக ஒரு காண்டிராக்டரைக் கொண்டு வந்தால் நோக்கமே கெட்டுவிடும்.

2. எடுக்கும் நேரத்தைப் பகல் வேளையில் வைப்பது. சங்கத்தின் சார்பில் ஓர் அடையாள அட்டையும் கையுறையும் கொடுப்பது.

3. சங்க அலுவலகத்தில் முத்திரையிட்ட தராசு ஒன்று வைத்து, வாரந்தோறும் அட்டை, கேன், டின் விலையைப் பலகையில் எழுதுவது. எடையில் ஏமாற்றம் என்ற பேச்சே எழாது.

4. அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக மத்திய அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவில் அவர்களைச் சேர்க்க உதவுவது. படிவம் நிரப்பத் தெரிந்த பிள்ளைகள் நம் வீட்டிலேயே இருக்கிறார்கள்.

5. ஊராட்சியின் தூய்மைக் காவலர்களுடன் கலந்து பேசி, விலை போகாத மெல்லிய உறையை அவர்கள் எடுக்கும் நாளை உறுதி செய்வது.

6. கம்பெனி விநியோகஸ்தர்களிடம் காலிக் கிரேட், கேன், பெட்டிகளைத் திரும்ப எடுக்கும்படி சங்கத்தின் பெயரில் கேட்பது. பிளாஸ்டிக் உறையைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை 2016ஆம் ஆண்டு விதிகள் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், வணிகப்பெயர் உரிமையாளர் ஆகியோர் மீது வைத்தன. பொறுப்பு அவர்களுடையது என்றால் லாரி காலியாகத் திரும்பிப் போக வேண்டிய அவசியம் என்ன?

சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பார்கள். ஒரு கடையின் பத்துக் கிலோ அட்டை சிறு துரும்புதான். இருபது கடையின் துரும்பு ஒரு குடும்பத்தின் அடுப்பை எரிய வைக்கும், கால்வாயையும் அடைக்காது. வரும் மழைக்காலத்துக்குள் ஒவ்வொரு கிளையிலும் ஒரு தெருவிலாவது இதைத் தொடங்கி, மூன்று மாதக் கணக்கை உறுப்பினர்கள் நம் இதழுக்கு எழுதி அனுப்பினால், லாப நட்டம் இரண்டையும் மற்ற ஊர் வணிகர்களும் அறிந்து பயன்பெறுவார்கள்.